நீர்க்கோடு

விளம்பரத்தை எழுதியது தையலக்காதான். படகுத்துறை அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் அது ஒட்டியிருந்தது. "தொலைதூரக் கடல் பயணத்துக்கு எல்லா வசதியும் உள்ள பழைய டிராலர் விற்பனைக்கு. குடும்பத்தோடு குடியிருக்கலாம். இன்ஜின் நல்ல நிலையில். நேரில் வரவும்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் படித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சிரித்தார்கள். வலை பழுது பார்க்கிறவர் சிரித்தார். டீசல் போடுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வசதியெல்லாம் இருந்தது உண்மை. தொலைதூரம்தான் இல்லை. வாங்கித் துறையில் கட்டிய நாளிலிருந்து அந்தப் படகு அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதே கிடையாது.

ஒரு காலத்தில் ஆழ்கடலில் வலை இழுத்த படகு அது. பிறகு யாரோ ஒருவர் மீன் கொட்டுகிற அறையைப் படுக்கையறையாக்கி, மேலே சமையலறையும் சுக்கான் அறையும் கட்டி, ஊர் சுற்றுவதற்கென்று மாற்றினார். அவரிடமிருந்து தையலக்காவின் கணவர் மெக்கானிக் வாங்கினார். பிள்ளைகள் தலையெடுத்துப் போய்விட்டார்கள், இனி நமக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு என்று வீட்டை விற்றுத்தான் வாங்கினார். ஒரு வருஷம் அதைத் தயார் செய்வது, பிறகு கிளம்புவது என்று திட்டம். முதலில் போக வேண்டியது கடலுக்கு அந்தப் பக்கம், தையலக்காவின் அக்கா இருக்கிற ஊருக்கு. அக்காவிடம் தேதிகூடச் சொல்லியாகிவிட்டது.

மெக்கானிக்குக்குப் படகுத்துறையில் வைத்த பெயர் 'இருக்கட்டும்'. பழுதுபார்க்கும் பட்டறையில் அவர்தான் மூத்த கை. எந்தப் படகு உடைந்து வந்தாலும் அவர்தான் பார்ப்பார். ஒன்றின் தண்ணீர்ப் பம்ப் போயிருக்கும். அன்று சாயங்காலம் அவர் தன் படகுக்கு வரும்போது கையில் ஒரு பம்ப் இருக்கும். "நம்ம பம்ப் நல்லாத்தானே இருக்கு?" என்பாள் மனைவி. "ஒண்ணு இருக்கட்டும்" என்பார். இன்னொன்றின் நங்கூரச் சங்கிலி அறுந்து வரும். இவர் படகில் இரண்டாவது சங்கிலி ஏறும். பட்டறைக்கு வந்த கேடுகள் ஒவ்வொன்றும் ஒரு சாமானாக மாறி இந்தப் படகில் குடியேறின. கடலில் நடக்கக்கூடிய எல்லா விபத்துக்கும் மாற்று இருந்தது. கிளம்பாமல் இருப்பதற்குத்தான் மாற்று இல்லை.

படகுத்துறையில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை ஒன்று உண்டு. படகின் வயிற்றில் தண்ணீர்மட்டம் வரைக்கும் சிவப்பு அடிப்பார்கள், பாசி பிடிக்காத பெயிண்ட். அதற்கு மேலே வெள்ளை. இரண்டும் சேருகிற இடம்தான் நீர்க்கோடு. இவர் படகு பாரம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்தது. சிவப்பு தண்ணீருக்குள் போக, வெள்ளையில் பாசி பிடித்தது. வேறு யாராக இருந்தாலும் பாரத்தை இறக்குவார்கள். இவர் கோட்டை ஏற்றினார். ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் சிவப்பை ஒரு விரல், இரண்டு விரல் மேலே தள்ளி அடித்தார்.

தையலக்கா படகுகளுக்குக் கூரைத்துணியும் மெத்தை உறையும் தைக்கிறவள். துறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவளுடைய மெஷின். தடித்த துணியைத் தள்ளித் தள்ளி அவளுடைய வலது தோள் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும். பொறுமைசாலி. அந்தப் பொறுமை தீர்ந்தது ஒரு மழைநாள் சாயங்காலத்தில், முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது.

மெக்கானிக் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று.

"என்னது அது?"

"எக்ஸாஸ்ட் எல்போ, இன்ஜின் புகை போற வளைவு. இன்னிக்கு வந்த படகுல துருப்பிடிச்சு உடைஞ்சே போச்சு. பாக்கவே பயமா இருந்துச்சு. நமக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு..."

"எங்க வைப்பீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். இருக்கைகளுக்கு அடியில் பேட்டரிகள். மேஜைக்கு அடியில் கயிறு. குளியலறையில் தண்ணீர் கேன்கள். அவர் பார்வை கடைசியில் படுக்கையின் கால்மாட்டில் போய் நின்றது.

தையலக்கா அடுப்பை அணைத்தாள்.

"நான் காலை நீட்டிப் படுத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா உங்களுக்கு? கால்மாட்டுல புரொப்பல்லர். தலைமாட்டுல லைஃப் ஜாக்கெட். நடுவுல நான் மூணாவது ஸ்பேர் மாதிரி கிடக்குறேன்."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. அடுத்த வருஷம்..."

"அக்கா நேத்து போன் பண்ணா. மழை பெய்யுதான்னு கேட்டா. முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டா. எப்ப வரேன்னு கேக்கல. கேட்டுக் கேட்டு விட்டுட்டா. அது உங்களுக்குப் புரியுதா?"

அவர் அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அப்படின்னா கப்பல்ல ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்றார் மெதுவாக.

"கப்பல்ல போறதுக்கா வீட்டை வித்தோம்? எங்க வீட்டையே ஓட்டிட்டு வரேன்க்கான்னு அவகிட்ட சவடால் விட்டேனே. இப்ப எந்த மூஞ்சியோட கப்பல்ல போய் இறங்குவேன்? ஒண்ணு கிளம்பணும். இல்லேன்னா வித்துடணும். கரையில ஒரு ரூம் எடுத்துக் காலை நீட்டிப் படுத்துக்குறேன். ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே சொல்லுங்க."

அன்று முட்டை ஆறிப்போயிற்று. மெக்கானிக் ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்றார். கடைசியில் "வித்துடலாம்" என்றார். அவர் அந்தப் பதிலைத்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அவளுக்கு அழுகை வந்தது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள்.

விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். கூடவே டாக்டரம்மா. டாக்டர் நல்ல மனிதர். படகின் தரைப்பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, இன்ஜின் அறைக்குள் எட்டிப் பார்த்து "ம்... ம்..." என்று தலையாட்டியதைப் பார்த்தால், எதைப் பிடுங்குவது என்று யோசிப்பது போலத்தான் இருந்தது. டாக்டரம்மா சமையலறையில் ஒவ்வொரு அலமாரியையும் திறந்தாள். ஒவ்வொன்றிலும் இரும்பு.

"சாப்பாட்டுச் சாமான் எங்க வைப்பீங்க?"

"தேடி எடுப்போம்" என்றாள் தையலக்கா.

டாக்டருக்குப் படகு பிடித்துவிட்டது. கரையேற்றி அடிப்பக்கத்தைப் பார்ப்பது, பிறகு கடலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது, இரண்டும் சரியென்றால் எடுத்துக்கொள்வது என்று பேச்சு முடிந்தது. எங்கும் நடக்கிற முறைதான் அது.

துறையில் கிரேன் ஓட்டுவது தையலக்காவின் தம்பி. அவன் பட்டைகளைப் படகின் வயிற்றுக்கடியில் விட்டு, இழுத்துப் பார்த்து, தூக்க ஆரம்பித்ததுமே கிரேனில் மணி அடித்தது. இறக்கினான். நகர்த்திக் கட்டி மறுபடி தூக்கினான். மணி விடாமல் அடித்தது.

"மாமா!" என்று மேலேயிருந்து கத்தினான். "போன தடவ விட்டு விட்டு அடிச்சுது. இந்தத் தடவ மூச்சு விடாம அடிக்குது. என்னால ஆகாது. இறக்குங்க."

"என்னத்த இறக்குறது?"

"எதையெல்லாம் ஏத்துனீங்களோ அதை."

வேறு வழியில்லை. டாக்டர் கோட்டைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். சாமான்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. நங்கூரங்கள். சங்கிலிகள். பம்புகள், பெரியதும் சிறியதும். உருளை உருளையாக ரப்பர் குழாய். கிரீஸ் தடவிப் பிளாஸ்டிக்கில் சுற்றிய புரொப்பல்லர். ஒரு முழு ஜெனரேட்டர். கரையில் விரித்த தார்ப்பாய் போதாமல் தையலக்கா கொட்டகையிலிருந்து இன்னொரு துணி கொண்டுவந்து விரித்தாள். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு சாமானைக் காட்டி அது எதற்கு என்று கேட்டாள். மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது.

"இது கியர் எண்ணெயைக் குளிர வைக்கிறது. பச்சைப் படகு ஒண்ணு வந்துச்சு, இது ஓட்டையாகி எண்ணெய்க்குள்ள உப்புத்தண்ணி. பாவம், புருஷனும் பொண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தாங்க. இந்தச் சங்கிலி இருக்கு பாருங்க, ஒரு கிழவர் தனியா வந்தாரு, நங்கூரம் அறுந்து பாறைப் பக்கம் போயி... இந்தக் குழாய்..."

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் வெளிறிய முகத்தோடு பட்டறை வாசலில் நின்றார். தையலக்கா இந்தக் கதைகளைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறாள், அரைக் காதால். இப்போது வரிசையாகக் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் இத்தனை வருஷம் படகைத் தயார் செய்யவில்லை, பயந்துகொண்டிருந்திருக்கிறார். அவர் மேலே அவளுக்கு இருந்த கோபம் பாதி இறங்கியது. அவருக்காக மனசு வலித்தது. ஆனால் விற்க வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பாரம் இறங்கியதும் கிரேன் முனகாமல் தூக்கியது. தம்பி கீழே இறங்கி வந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்தான். பாசி போனதும் வயிற்றில் பழைய கோடுகள் தெரிந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிவப்பில்.

"ஏன் இத்தனை கோடு?" என்றார் டாக்டர்.

"வளர்ற பிள்ளைங்களுக்குச் சுவத்துல கோடு போடுவோமில்ல" என்றான் தம்பி. "எங்க மாமா படகுக்குப் போட்டிருக்காரு. என்ன, இது கீழ்ப்பக்கமா வளருது."

எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்துவைத்தார். தையலக்கா மட்டும் சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த முதல் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அது படகு வந்த வருஷம் அவள் கையால் அடித்தது. கை பிசகி ஓரிடத்தில் வளைந்திருந்தது.

அடிப்பக்கத்தில் குறை ஒன்றும் இல்லை. படகைத் தண்ணீரில் இறக்கியபோது அது தக்கை மாதிரி மேலே நின்றது. அந்த முதல் கோட்டின் மேல் தண்ணீர் வந்து நக்கியது. காற்று சுமாராக இருந்தது, வெளிச்சம் நிறைய இருந்தது. "இப்பவே ஒரு சுத்துப் போய்ப் பாத்துடலாமே" என்றார் டாக்டர்.

"சாமானெல்லாம் கரையில இருக்கே" என்றார் மெக்கானிக்.

"வந்து எடுத்துக்கலாம் மாமா. உங்க இரும்பை யார் தூக்கிட்டுப் போகப்போறாங்க? தூக்க முடிஞ்சாத்தானே" என்றான் தம்பி.

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தையலக்காதான் சுக்கானைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து படகு ஓட்டப் பழகிச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான். தன் படகில் அது முதல் முறையாகப் பயன்பட்டது. அலைத்தடுப்புச் சுவரின் முனை வந்தது, பக்கத்தில் நகர்ந்தது, பின்னால் போனது. அவ்வளவுதான் அது. முதல் அலை முன்பக்கத்தைத் தூக்கி இறக்கியபோது அவள் தன்னை அறியாமல் "ஐயோ!" என்றாள். பயத்தில் இல்லை.

"பின்னாலேர்ந்து அலை வந்தா இது எப்படி நடந்துக்கும்?" என்று டாக்டர் கேட்டார்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். தையலக்கா முந்திக்கொண்டாள்.

"தெரியாது டாக்டர். நாங்க வெளியில போனதே இல்ல. இதுதான் முதல் தடவை."

டாக்டரும் டாக்டரம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஏதும் சொல்வதற்குள் சூட்டைக் காட்டுகிற மணி கீச்சென்று அலறியது.

மெக்கானிக் தரைப்பலகையைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. கடல் தண்ணீரை இன்ஜினுக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. இன்ஜினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் படகு பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. சமையலறையில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.

"இந்தக் குழாய் மூணு வாங்கி வச்சிருந்தேன்" என்றார் மெக்கானிக். குரல் உடைந்திருந்தது. "மூணு! மூணும் கரையில வெயில் காயுது."

டாக்டரம்மா இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. மெக்கானிக் அவளைப் பார்த்தார். அந்த மாதிரி முகங்களைப் பட்டறை வாசலில் அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க" என்றாள் தையலக்கா. "உக்காந்தா எப்படி? என்ன செய்யணும், சொல்லுங்க."

"மாத்தணும்."

"மாத்த இல்ல. வேற என்ன செய்யணும்?"

அவர் யோசித்தார். "வெட்டு விழுந்த இடத்தை இறுக்கிக் கட்டணும். தண்ணி அழுத்தத்துக்குத் தாங்கணும். சாதாரணத் துணி நிக்காது."

"கூரைத்துணி நிக்குமா? ரப்பர் பூசுனது?"

"நிக்கலாம்."

தையல் பை எப்போதும் சுக்கான் அறை ஆணியில் தொங்கும். அது மட்டும்தான் கரைக்கு இறங்கவில்லை, அதை யாரும் ஸ்பேர் என்று நினைக்காததால். அவள் பையிலிருந்த கூரைத்துணியில் ஒரு பட்டை கிழித்து, குறுகிய அறைக்குள் வயிற்றால் ஊர்ந்து இறங்கினாள். மெக்கானிக் குழாயைச் சேர்த்துப் பிடித்தார். அவள் பட்டையை இழுத்துச் சுற்றி, மெழுகு நூலால் நெருக்கித் தைத்தாள். டாக்டர் மேலிருந்து டார்ச் பிடித்தார். இடுக்கில் வெளிச்சம் காட்டுவதில் அவருக்கு நல்ல அனுபவம்.

"கொஞ்சம் இடது பக்கம் காட்டுங்க டாக்டர்."

"வலிக்குதான்னு கேக்கட்டுமா?" என்றார் டாக்டர். டாக்டரம்மாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்ஜின் மறுபடி ஓடியது. தையலிலிருந்து லேசாகத் தண்ணீர் கசிந்தது, அவ்வளவுதான். சூடு இறங்கியது. மெக்கானிக் தன் கையை அந்தப் பட்டையின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்தது போல. பிறகு ஏணிப்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்னங்க?"

"அந்தப் பச்சைப் படகு" என்றார். "கியர் முழுக்க உப்புத்தண்ணி. எப்படி வந்து சேந்தாங்க? அந்தக் கிழவர், நங்கூரமே இல்லாம எப்படி வந்தாரு? நான் உடைஞ்சதைத்தான் பாத்தேன். அத்தனை பேரும் வந்து சேந்துட்டாங்கடி! வந்து சேரலேன்னா நான் எப்படிப் பாத்திருப்பேன்? இத்தனை வருஷமா எனக்கு இது தோணவே இல்ல பாரு."

அவள் கையில் ஊசி குத்திய இடத்தை வாயில் வைத்துக்கொண்டு மேலே போய்ச் சுக்கானைப் பிடித்தாள். திரும்பி வருகிற வழியில் அலை பின்னாலிருந்து வந்தது. படகு கொஞ்சம் இடுப்பை ஆட்டியது, ஆனால் நேராகவே போனது. "நல்லா நடந்துக்குது டாக்டர்" என்று அவள் சொன்னாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா.

கரையில் கயிறு கட்டி முடித்ததும் டாக்டரும் டாக்டரம்மாவும் தள்ளி நின்று பேசினார்கள். பிறகு டாக்டர் வந்தார்.

"எங்களுக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு. இந்தச் சாமான் முழுக்கத் திருப்பி ஏத்திக் கொடுத்துடணும். இவ பயந்துட்டா. இது எதுவும் இல்லாம கடலுக்கு வர மாட்டேங்குறா."

மெக்கானிக் தார்ப்பாய்களைப் பார்த்தார். வெயிலில் பரப்பிக் கிடந்த தன் பம்புகளை, சங்கிலிகளைப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உயர்ந்த தோள் மட்டும் அசையாமல் காத்திருந்தது.

"சாமானை எடுத்துக்கங்க டாக்டர்" என்றார். "எது வேணுமோ எல்லாத்தையும் எடுத்துக்கங்க. படகு விக்கிறதுக்கில்ல."

"என்ன சொல்றீங்க?"

"மன்னிச்சுக்கங்க. உங்களை அலைக்கழிச்சுட்டேன். ஆனா படகு எங்களுக்கு வேணும்."

டாக்டர் கொஞ்ச நேரம் முறைத்தார். அவருக்குக் கோபப்பட நியாயம் இருந்தது. ஆனால் தையலக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது எங்கோ போய்விட்டது. தோளைக் குலுக்கிக்கொண்டு தார்ப்பாய் பக்கம் போனார். குனிந்து, ஒரு பம்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். படகே இல்லாத மனிதர், பம்பைக் கோட்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தொற்றிக்கொண்டது என்று தம்பி சொன்னான்.

மெக்கானிக் ஒரு குழாயை மட்டும் பொறுக்கிக்கொண்டார். அதை அன்றே மாட்டினார். மற்றதெல்லாம் பட்டறைக்குப் போயிற்று. "மாப்ள, மறுபடி ஒரு தடவ தூக்கு. கோட்டை இறக்கணும்" என்றார். முதலில் இருந்த இடத்துக்கே. இனி பாரம் ஏற்றினால் வெள்ளையில் பாசி பிடித்து ஊருக்கே தெரியும்.

மறுநாள் காலையில் தையலக்காதான் பிரஷ்ஷைப் பிடித்தாள். பழைய வளைவு வந்த இடத்தில் நிமிர்த்தப் பார்த்து, வேண்டாமென்று அப்படியே விட்டாள். மெக்கானிக் கீழே உட்கார்ந்து பெயிண்ட் கலக்கிக் கொடுத்தார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அக்கா. நாங்க கிளம்புறோம்."



"சரிடி" என்றாள் அக்கா, குழந்தையிடம் சொல்வது போல. "அடுத்த வருஷம்தானே? வாங்க."

"இல்லக்கா. பெயிண்ட் அடிச்சிருக்கு. காஞ்சதும் கிளம்புறோம்."

மறுமுனையில் எங்கோ ஒரு நாற்காலி இழுபடுகிற ஓசை கேட்டது. அக்கா உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஏண்டி" என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. "எவ்வளவு நேரத்துல காயும்?"